கியோத்தோ நடை

கியோத்தோ,
1934 பிப்ரவரி 11

குமேவுக்கு,

பருவத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லித்தான் கடிதம் தொடங்க வேண்டும். பிளம் மரங்கள் பூத்துவிட்டனவாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

செல்லுலாய்டுத் தாளில் கார்ட்டூன் வரையக் கற்றுக்கொண்டு ஒரே மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று இலையுதிர்காலத்தில் ரயிலேறினாய். இப்போது நீ எங்கே இருக்கிறாய் என்பதை நான் தியேட்டர்காரர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெரிய படத்துக்கு முன்னால் காகிதம் வெட்டி நாம் எடுத்த கொக்குப் படத்தைப் போடுவாரே, அந்த ஒகிட்டாதான். "உங்க கொக்கை இப்ப யாருண்ணே பாக்குறாங்க? அமெரிக்கப் படம் மலிவா வருது. அங்கேயே போட்ட காசை எடுத்துட்டுத்தானே கப்பல் ஏறுது. தோக்கியோப் படம்கூட ஒண்ணு வந்திருக்கு. உங்க வீட்டம்மா பேரு போட்டிருக்கே, தெரியாதா?" என்றார்.

தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். வறுத்த சோயாத் தோஃபு வாங்கக் கடைக்குப் போகும் நரி. சரி, இனாரி கோயில் நரிக்குத் தோஃபு பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த ஊர் நரி வெள்ளைக் கையுறை மாட்டும்? கை கால்களெல்லாம் ரப்பர்க் குழாய். கண் இரண்டும் ஒரு துண்டு வெட்டி எடுத்த பணியாரம். அதன் வாலை மறைத்துவிட்டால் அது அமெரிக்காவில் பிறந்த ஏதோ ஒரு ஜந்து. பத்து வருடம் என்னோடு உட்கார்ந்து வண்ணக் காகிதம் வெட்டிய கை இப்படி எச்சில் பொறுக்கப் போயிருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்மாள் நீ எப்போது வருவாய் என்று கேட்டாள். செத்துவிட்டாய் என்று சொல்லிவிட்டேன். அரிசி மாவு உருண்டை கொண்டுவந்து தந்தாள். நன்றாக இருந்தது.

தொகுஜி


தோக்கியோ,
பிப்ரவரி 20

மதிப்புக்குரிய கணவருக்கு,

செத்தவள் எழுதுகிறேன். இங்கே பனி பெய்கிறது, என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உருண்டை உங்களுக்குச் செரித்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு மாதத்தில் வருவதாகத்தான் கிளம்பினேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் என்ன நடந்தது என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னீர்களா? நான் வரைந்து வைத்திருந்த குதிக்கும் தவளைகளை ஒவ்வொன்றாகக் கணப்புச் சட்டியில் போட்டீர்கள். "இது என்னடி, எலும்பில்லாத பொழப்பு?" என்று கேட்டுக்கொண்டே போட்டீர்கள். அந்த நெருப்பிலேயே தேநீர்க் கெண்டியை வைத்தீர்கள். நான்தான் உங்களுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

உங்கள் கொக்கு அழகுதான். அது ஒரு முறை கண்ணிமைப்பதற்குள் முன்வரிசைக் குழந்தைகள் "அம்மா, அது செத்துப்போச்சா?" என்று கேட்பது உங்களுக்குக் கேட்டதில்லை. நீங்கள் பின்வரிசையில் ஃபிரேம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குக் கேட்டது.

எச்சில் பொறுக்குகிறோம் என்கிறீர்கள். ஆமாம், பார்த்துத்தான் கற்கிறோம். எங்கள் ஸ்டுடியோ முதலாளி ஹனவா அமெரிக்கப் படச் சுருளை இரவல் வாங்கிவருவார். திருப்பிக் கொடுக்கும்வரை நாங்கள் ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு ஃபிரேமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். பூனை விழும்போது எவ்வளவு தட்டையாகிறது, எழும்போது எவ்வளவு நீளுகிறது என்று. சரி, நீங்கள் காகிதம் வெட்டக் கற்றது யாரிடம்? கல்யாணமான புதிதில் அந்த ஜெர்மன் நிழலுருவப் படத்துக்கு என்னைத் தினமும் இழுத்துக்கொண்டு போனீர்களே, மறந்துவிட்டதா? கருப்புக் காகிதத்துக்குப் பதில் பூப்போட்ட காகிதம் எடுத்ததும் அது கியோத்தோ ஆகிவிட்டது. ஜெர்மனியில் திருடினால் கலை, அமெரிக்காவில் திருடினால் எச்சிலா?

கண்ணுக்குப் பணியாரம் என்ற உவமை மட்டும் நன்றாயிருந்தது. இங்கே எல்லோரும் சிரித்தார்கள்.

குமே


கியோத்தோ,
ஏப்ரல் 2

குமேவுக்கு,

என் கடிதத்தைக் கூட்டத்தில் படித்துக் காட்டுகிறாய் என்று தெரிந்துகொண்டேன். இதையும் படித்துக் காட்டு.

சினிமா மாத இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறேன். அடுத்த இதழில் வருகிறது. உன் நரி நடக்கிறதே, அந்த நடை. கடையிலிருந்து திரும்பும்போது வலது தோளை முன்னால் தள்ளிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, தெருவோடு சண்டைக்குப் போவதுபோல. பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் அதுதான், பார்த்தேன். அது உன் சரக்கு இல்லை. ஒகிட்டாவின் தியேட்டரில் படம் ஓட்டுகிறவன் அறுந்துபோன அமெரிக்கச் சுருளின் ஒரு துண்டைக் கொடுத்தான். அதில் ஒரு நாய் அப்படித்தான் கோபமாக நடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். மேலே தாளை வைத்து அப்படியே இழுத்திருக்கிறாய் என்று குழந்தைக்கும் தெரியும்.

பள்ளிக்கூடங்களுக்கு உங்கள் படத்தை வாங்கப் பேச்சு நடக்கிறதாம். நடக்கட்டும், பார்ப்போம்.

ஜெர்மன் படத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அது வேறு.

தொகுஜி


தோக்கியோ,
மே 9

தொகுஜிக்கு,

இதழ் வந்தது. உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், வாழ்த்துகள்.

பள்ளிக்கூடக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். வண்ணம் பூசும் மூன்று பெண்களையும் முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவர்களில் தமாகி என்பவள் மட்டும் வாசலில் நின்று, "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு நாங்க என்ன பண்ணோம்?" என்று கேட்டாள். பதில் இருந்தால் எழுதுங்கள், அவளுக்கு அனுப்பிவிடுகிறேன்.

இப்போது நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படியுங்கள். அந்த நடை அமெரிக்க நாயுடையது இல்லை. உங்களுடையது.

பொதுக் குளியலறையிலிருந்து வீட்டுக்கு வருவீர்களே, தலையில் துண்டோடு. தண்ணீர் சூடு போதவில்லை என்று அங்கே யாரிடமாவது சண்டை போட்டிருப்பீர்கள். அந்தச் சண்டையைத் தெரு முழுக்க இழுத்துக்கொண்டு வருவீர்கள். வலது தோள் முதலில் வரும், அப்புறம் தலை, அப்புறம்தான் நீங்கள். மாடி ஜன்னலிலிருந்து பத்து வருடம் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடினாலும் வரைவேன், அப்படித்தான் வரைந்தேன்.

முதலாளி பார்த்துவிட்டு, "அற்புதம்மா, இது எந்தப் படத்துல வருது?" என்று கேட்டார். அமெரிக்கப் படத்தில் வராத எதையும் அவர் ஏற்கமாட்டார். நீங்கள் அமெரிக்காவிலிருந்து வந்த எதையும் ஏற்கமாட்டீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் என்ன செய்ய? "போன வருஷம் ஒரு படத்துல பாத்தேங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதைச் சொன்னதால்தான் அந்தக் காட்சி படத்தில் நின்றது. இப்போது உங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, "நீயே சொன்னியே!" என்கிறார்.

இது திருட்டு இல்லை என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். இதழுக்கு இரண்டு வரி எழுதுங்கள். எனக்காக வேண்டாம், அந்தப் பெண்களுக்காக.

குமே


கியோத்தோ,
மே 17

குமேவுக்கு,

பக்கத்து வீட்டு அம்மாளையும் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். நீ பொய் சொல்கிறாயா என்று பார்க்க வேற்று மனிதர் ஒருவர் வேண்டும் அல்லவா. நரி கடையை விட்டு வெளியே வந்ததும் அவள் என் தொடையில் ஓங்கி அடித்தாள். "அடக் கடவுளே, இது நீங்கதானே! சட்டி மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு!" படம் முடியும்வரை அந்தம்மாளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. செத்தவள் எப்படிப் படம் வரைந்தாள் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு.

அங்கே சிரித்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள். ஒசாகாவிலும் நகோயாவிலும் சிரிக்கிறார்கள். என் கலையைக் கேலி செய்தாய், பொறுத்துக்கொண்டேன். என் நடையைக்கூட விட்டுவைக்கவில்லையே நீ. மாடி ஜன்னலில் நீ எனக்காகக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

எழுதித் தருகிறேன். ஆனால் அந்தக் காட்சியை எல்லாப் பிரதிகளிலிருந்தும் வெட்டி எறிய வேண்டும். நீ கியோத்தோ திரும்ப வேண்டும். இரண்டும் நடந்தால் மறுநாளே என் கடிதம் இதழுக்குப் போகும். இல்லையென்றால் கோமாளி என்று பெயர் எடுப்பதைவிடத் திருடியின் கணவன் என்று பெயர் எடுப்பதே எனக்கு மேல்.

தொகுஜி


தோக்கியோ,
ஜூன் 14

தொகுஜிக்கு,

உங்கள் இரண்டு வரி தேவைப்படவில்லை.

இதழ் ஆபீசுக்கு நானே போனேன். ஆசிரியர் தலை நிமிரவில்லை. "ஆதாரம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவருடைய துவாலையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கிமோனோவோடு அந்த அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். வலது தோள், தலை, அப்புறம் நான். அச்சுக்கோர்க்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அறைக் கோடியில் கியோத்தோ நிருபர் ஒருவர் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரைத் தெரியாது. உங்களைப் பேட்டி எடுக்க வந்து, காகிதம் கசங்குகிறது என்று உங்களிடம் திட்டு வாங்கி, நீங்கள் கோபத்தோடு நடந்து போனதைப் பார்த்தவராம். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, அந்தக் கொக்குக்காரர்!" என்று கத்தினார்.

இந்த மாத இதழில் மறுப்பு வந்திருக்கிறது. தமாகியும் மற்ற இருவரும் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார்கள். முதலாளிக்கு என் பொய்க்காக இன்னும் கோபம். அவருக்குத் தெரியாமல் எங்கள் அறையில் அதற்குக் கியோத்தோ நடை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

என்னைத் திரும்பி வரச் சொல்லி, அந்த மூன்று பெண்களின் வேலையை விலையாக வைத்தீர்கள். தவளைகளை எரித்ததைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். இத்துடன் விவாகரத்துத் தாள் வைத்திருக்கிறேன். என் முத்திரை போட்டாயிற்று. உங்களுடையதைப் போட்டு அனுப்புங்கள்.

ஜன்னலில் காத்திருந்ததாக நினைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், காத்துக்கொண்டுதான் இருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கிறவளால் அவ்வளவு பார்த்திருக்க முடியாது.

குமே


கியோத்தோ,
ஜூலை 3

குமேவுக்கு,

முத்திரை போட்டுவிட்டேன். உள்ளே இருக்கிறது. உன் குளிர்காலக் கிமோனோக்களை ரயில் பார்சலில் அனுப்புகிறேன். கத்தரிக்கோல்களை அனுப்பமாட்டேன், அவை என்னுடையவை.

இந்தக் கடிதம் இதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். தொழில் சம்பந்தமானது. நரி தெருமுனையில் திரும்பும்போது பாதம் தரையில் பதிகிறதே, அப்போது உடம்பு முழுவதும் ஒரு நொடி அமுங்கிப் பிறகு எழுகிறது. அதனால்தான் அதற்குக் கனம் வருகிறது. கோபம் வருவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். காகிதத்தில் செய்து பார்த்தேன். காகிதம் மடிகிறது, அமுங்கமாட்டேன் என்கிறது. கொக்குக்கு வேறு வேறு நீளத்தில் ஆறு கழுத்து வெட்டி மாற்றி மாற்றி வைத்தேன். விக்கல் எடுத்ததுபோல் இருக்கிறது.

எந்த இடத்தில் அமுக்குகிறாய்? பாதம் தரையைத் தொடும்போதா, தொட்ட பிறகா?

பதில் எழுத வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

தொகுஜி


(அஞ்சலட்டை)

தோக்கியோ,
ஜூலை 10

ஐயா,

தாள் வந்து சேர்ந்தது. பார்சலும் வந்தது. பிறந்த வீட்டுப் பெயரும் திரும்பி வந்தது.

தொட்ட பிறகு. அது மட்டும் அமெரிக்காக்காரர்களிடமிருந்து எடுத்ததுதான். ஒகிட்டாவின் தியேட்டரில் இந்த வாரமும் ஒன்று ஓடும். டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்வரிசையில், குழந்தைகளோடு போய் உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்தால் கால் தெரியாது.

கவாய் குமே