ஐம்பத்தாறு புதுப் பைகள்

நவம்பர் 19, 1974, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். திருத்தணி அறையில் சட்டை காயவில்லை. பள்ளிப்பட்டு போகும் வழியில் ஜீப் இரண்டு முறை சேற்றில். டிரைவர் கோபாலுக்கு மழையைவிட என் பூட்ஸ் மேல்தான் கோபம்.

தாது தேடி வந்த மேடு சின்னது. நடுவே வெள்ளைக் குவார்ட்ஸ் கல் ஒரு பட்டையாக ஓடுகிறது. உடைத்ததில் ஈயத்தாது பளபளவென்று, தாமிரத்தாது மஞ்சளாய் ஒரு துளி, துத்தநாகத் தாது பழுப்பாய். ஒரே கைக்கல்லில் மூன்றும்! பக்கத்தில் ஆள் ஆழத்துக்குப் பழைய குழி. வெள்ளைக்காரன் காலத்து ரிப்போர்ட்டில் இதற்கு நாலே வரி: சிறியது, பயனில்லை. எத்தனை நாள் நின்று பார்த்தானோ. மண்ணைச் சோதித்தானா? எழுதவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

மேட்டைச் சுற்றிக் கட்டம் போட்டு மண் எடுக்கிறோம். உள்ளே தாது மறைந்திருந்தால் மேல் மண்ணில் கசிந்திருக்கும். ஈர மண், நல்ல கனம். 40ஆம் எண் மாதிரியோடு ஆபீஸ் பை தீர்ந்தது. சென்னைப் புவியியல் ஆபீசுக்கு எழுதிக் கேட்டால் பொங்கலுக்கு வரும். பொதட்டூர்பேட்டை நெசவாளர் முனிரத்தினத்திடம் 56 பை சொன்னேன்.

"எத்தினி நாளு மண்ணு உள்ள இருக்கும் சார்?"

இரண்டு வாரம் என்றேன்.

"அப்போ நல்லாத்தான் பண்ணணும். நாளன்னிக்கு வாங்க."

வாங்க வேண்டியவை: பிளேடு, மெழுகுவத்தி. அம்மாவுக்குக் கடிதம் பாக்கி.

நவம்பர் 24, ஞாயிறு

பைகள் அருமை. மொடமொடவென்று கஞ்சி. துணியில் லேசான நீலம், சலவை நீலம் போட்டிருப்பார் போல. ஆபீஸ் பையெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

டிசம்பர் 10, செவ்வாய்

சென்னையிலிருந்து சோதனை முடிவு. புதிதாக எடுத்த இடமெல்லாம் தாமிரம், துத்தநாகம்! பெரிய அதிகாரி டிரங்க் காலில் கூப்பிட்டார். தபாலாபீசில் நின்றபடி பேசினேன். "துளை போடுற மெஷினுக்கு எழுதிட்டேன். ரிப்போர்ட்டை உன் பேர்லயே போடு."

ஆறு வருஷமாக நான் எழுதுவதெல்லாம் அவர் பெயரில்தான் போகும். முதல் தடவை. சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும் கோபாலுக்கும் இரண்டு தோசை கூடுதல்.

டிசம்பர் 12, வியாழன்

எண்களை வரைபடத்தில் ஏற்றினேன். ஈயம் ஒழுங்கு: கல் பட்டைக்கு அருகில் கூடுதல், தள்ளிப் போகப் போகக் குறைவு. மற்ற இரண்டும் புதிதாக எடுத்ததில் எங்கே பார்த்தாலும் கூடுதல். ஒப்பிட்டுப் பார்க்க ஏரிக்கரையில், இரண்டு மைல் தள்ளி எடுத்த மண்ணிலும் அப்படியே. அங்கே தாது இருக்க வழியே இல்லை. ஏன்?

பெட்டியிலிருந்து பதிவு நோட்டை எடுத்து, பை எண் வரிசையில் பார்த்தேன். 40 வரை சாதாரணம். 41லிருந்து ஏற்றம். 41லிருந்து புதுப் பை.

ஒரு பை மிச்சம் இருந்தது. தண்ணீரில் கொதிக்க வைத்து, ஜீப் பேட்டரி ஆசிட் இரண்டு சொட்டு விட்டு, பிளேடைப் போட்டேன். தண்ணீரில் செம்பு இறங்கியிருந்தால் இரும்பின் மேல் படியும். மத்தியானத்துக்குள் பிளேடு சிவப்பு.

கோபால் எட்டிப் பார்த்தான். "இன்னா சார், துரு புடிச்சிகினு கீது."

"துரு இல்ல, செம்பு."

"பையிலயா? அப்போ மேட்டுல?"

பிளேடைக் காகிதத்தில் மடித்து வைத்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

பொதட்டூர்பேட்டை. தறிச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. பையில் என்ன போட்டீர்கள் என்றேன். முனிரத்தினத்துக்குப் பெருமை.

"ஆங், மழைக்காலமாச்சே. ஈர மண்ணு பட்டா பூஞ்ச புடிச்சி பையி இத்துப்பூடும். அதான் கஞ்சியில மயில்துத்தமும் வெள்ளைத்துத்தமும் கலந்தேன். சாதா துணிக்கு இதெல்லாம் போடமாட்டோம். கவர்மெண்டு வேலையாச்சேன்னுதான்."

முதலாவது தாமிர உப்பு, இரண்டாவது துத்தநாக உப்பு. நான் தேடிய இரண்டையும் மனுஷன் கஞ்சியிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறார். சிரிப்பு வந்தது. பை நன்றாக உழைத்தது என்று மட்டும் சொன்னேன். காபி கொடுத்தார்.

சொல்லாமல் விட்டால்? மெஷின் வரும், துளை போடும், ஒன்றும் கிடைக்காது. ஆழத்தில் இல்லை என்று எழுதிவிடலாம். பையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ரிப்போர்ட் என் பெயரில் இருக்கும். இப்படி நினைத்தேன் என்று எழுதவே வெட்கம்.

டிசம்பர் 14, சனி

நல்ல வெயில். டிரங்க் காலுக்கு ஒரு மணி நேரம் காத்தேன். அதிகாரியிடம் எல்லாம் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ என்றேன்.

"இருக்கேன்யா. வெளியில வாங்கின பையில மண்ணு எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார்."

"மெஷினை நிறுத்தறேன். மேல இருக்கறவங்களுக்கு என்னன்னு சொல்றது?"

"என் தப்புன்னு சொல்லுங்க சார்."

"நான் எதுக்குச் சொல்லணும்? ரிப்போர்ட்ல நீயே எழுது. உன் பேர்லதானே போகுது."

டிசம்பர் 16, திங்கள்

எழுதி முடித்தேன். இரண்டரைப் பக்கம். ஈயம் உண்டு, கல் பட்டையோடு சரி. தாமிரமும் துத்தநாகமும் கல்லில் துளித்துளி. மண்ணில் கண்டவை பைத் துணியிலிருந்து வந்தவை. துளை தேவையில்லை.

கோபாலுக்கு வருத்தம். "கொஞ்சூண்டு கூட வேற எங்கியும் இல்லியா சார்?" இல்லை என்றேன்.

பை தைத்தது யார் என்று எழுதவில்லை. வாங்கியவன் யார் என்று எழுதினேன். ரிப்போர்ட் முழுக்க ஒரே பெயர்தான் இருக்கிறது, என்னுடையது.