தண்ணீர் குடிக்காத மிதவைகள்

வெள்ளவத்தை
6-6-38

அன்புள்ள புளோறன்ஸுக்கு,

இங்கே எனக்குச் சுகம். மிஷினுக்குத்தான் சுகமில்லை.

போன செவ்வாய்க்கிழமை வில்மொற் துரை பொல்கொட ஏரியில் விமானத்தை இறக்கும்போது, மீன் பிடிக்க நட்டிருந்த கட்டையொன்று வலது மிதவையின் அடியைக் கிழித்துவிட்டது. துரைக்குக் காயமில்லை, காற்சட்டை நனைந்ததோடு சரி. அந்த விமானம் தண்ணீரில் நிற்பதே இரண்டு மிதவைகளின் தயவில். நாங்கள் வள்ளத்தில் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் விமானத்தின் ஒரு பக்கச் செட்டை தண்ணீரைத் தொட்டுவிட்டது. இடது மிதவையையும் கழற்றிப் பார்த்தேன். வெளியே வார்னிஷ் பளபளப்பு. உள்ளே பலகை ஊறிப்போய் விரல் வைத்தால் அமுங்குகிறது. இரண்டையும் மாற்றத்தான் வேண்டும்.

துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போகிறார். போகுமுன் மிதவைகளின் படமும் விலையும் போட்ட கற்றலொக்கை என் கையில் தந்து, பராமரிக்கிறவன் நீ, நீயே தெரிந்தெடு என்று சொல்லிவிட்டார். டிசம்பரில் திரும்பியதும் மட்டக்களப்பு வாவிக்குப் பறக்க வேண்டுமாம்.

பழையபடி மர மிதவை எடுக்கலாம், அல்லது அலுமினியத் தகட்டு மிதவை எடுக்கலாம். இரண்டும் சீமையிலிருந்துதான் வரவேண்டும். ரத்மலானை விமானத் தளத்தில் கேட்டால் தகடு என்கிறார்கள். மொறட்டுவைத் தச்சுபாஸைக் கேட்டால் மரம் என்கிறான். அவன் வேறென்ன சொல்வான். உம்முடைய அபிப்பிராயத்தையும் எழுதும். உம்மிடம் கேட்கவில்லை என்று பிறகு சொல்லக்கூடாது.

மிஷின் ஏரிக்கரைக் கொட்டிலில் மரமுட்டுகளின்மேல் நிற்பதால் இப்போது இரவில் வீட்டில்தான் படுக்கிறேன். கடற்காற்றில் குசினி ஜன்னல் கொழுக்கி துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டேன். கறித்தூள் போத்தலைக் காணவில்லை. பக்கத்து வீட்டு ஹமீமா இரண்டு நாளாய்ச் சோறு கறி அனுப்புகிறா. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

மாக்ரெட் அக்காவுக்கு என் அன்பு.

உம்முடைய
கிளெமென்ற்

*

கொட்டாஞ்சேனை
11-6-38

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தின் தலைப்பில் வெள்ளவத்தை என்று கண்டதும் வேறு யாரோ எழுதியதாக்கும் என்று நினைத்தேன். மூன்று வருஷமாய் அந்த வீட்டில் நான் இருந்தேன், நீங்கள் ஏரிக்கரைக் கொட்டிலில் இருந்தீர்கள். நான் தையில் அக்கா வீட்டுக்கு வந்து, மிதவையும் உடைந்த பிறகுதான் உங்களுக்கு அந்தக் கட்டிலில் படுக்க வாய்த்திருக்கிறது. கறித்தூள் போத்தல் மா டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. அது எப்போதும் அங்கேதான் இருந்தது.

அபிப்பிராயம் கேட்டிருக்கிறீர்கள். மர மிதவையைப்பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த பெண் இந்த இலங்கையில் இருக்கமாட்டாள். அது தண்ணீர் குடிக்கும். மாலையில் பம்ப் அடித்து வெளியே எடுக்க வேண்டும், விடியவும் எடுக்க வேண்டும், விட்டால் அடியில் தாண்டுபோகும். எடுத்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்புக் கரித்தால், கடலோடு சேர்ந்த அந்த ஏரி உள்ளே வருகிறது. சப்பென்று இருந்தால் மழையும் பனியும். கல்யாணமான புதிதில் நீங்கள் இதைச் சொன்னபோது எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. பிறகு விளங்கிற்று. எனக்கொரு சக்களத்தி இருக்கிறாள் என்று ஊரில் சொல்லி அழவும் வழியில்லை. மரப்பெட்டி என்று சொன்னால் சிரிப்பார்கள்.

போன ஒக்டோபரில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, "பம்ப் அடிச்சுப்போட்டு ஓடிவாறன்" என்று சொல்லிப் போனீர்கள். ஓடியும் வரவில்லை, ரெயினிலும் வரவில்லை, மறுநாள்தான் வந்தீர்கள். இரா முழுக்க ஹமீமாதான் நெற்றியில் ஈரத்துணி போட்டா. காய்ச்சல் போய்விட்டது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் கெட்டவரென்றால் இலகுவாய் இருந்திருக்கும். குடியில்லை, சூதில்லை, கைநீட்டுகிற பழக்கமில்லை. அதனால் என் பக்கம் கதைக்க ஒருவரும் இல்லை.

இனி என் செய்தி. மட்டக்களப்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் தையல் வகுப்புக்கும் விடுதிக்கும் ஆள் தேடுகிறார்கள். என்னைக் கேட்டிருக்கிறார்கள். தையில் தொடங்க வேண்டும், இந்த வருஷம் முடியுமுன் பதில் சொன்னால் போதும். நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை.

வெளிப்படையாய் எழுதுகிறேன். தகட்டு மிதவை என்றால் பொழுதுபட நீங்கள் ரெயினேறி வீட்டுக்கு வரலாம். அப்படியென்றால் நானும் வெள்ளவத்தைக்கு வருகிறேன். மரம் என்றால் நான் மட்டக்களப்புக்குப் போகிறேன். யோசித்துத் தெரிந்தெடுங்கள்.

உங்கள்
புளோறன்ஸ்

*

வெள்ளவத்தை
2-7-38

அன்புள்ள புளோறன்ஸுக்கு,

உம்முடைய கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு தரம் வாசித்தேன். காய்ச்சல் விஷயத்தில் நீர் எழுதியது சரி. அன்றைக்கு இடது மிதவை நிறையத் தண்ணீர் வாங்கியிருந்தது, விட்டுவிட்டு வர முடியவில்லை. அதை உமக்கு அப்போதே சொன்னேன் என்று நினைத்திருந்தேன்.

மிதவையை மிஷினுக்காகத்தான் தெரிந்தெடுக்க வேண்டும், வீட்டுக்காக அல்ல. ஆகவே முதலில் மிஷினின் பக்கத்தைப் பார்த்தேன். மரம் கட்டையில் அடிபட்டால் உடையும், ஆனால் தச்சுபாஸ் ஒரு பகலில் பலகை வைத்துத் தைத்துத் தருவான். தகடு அடிபட்டால் நெளியும், இலகுவில் ஓட்டையாகாது. ஓட்டையானால் ஆணியடித்து ஒட்டத் தெரிந்தவன் ரத்மலானையில்தான் இருக்கிறான். மரம் தண்ணீர் குடித்துக் குடித்துப் பாரமாகும். போன வருஷக் கடைசியில் துரையின் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் மிஷின் எழும்பியது. தகடு முதல் நாள் எவ்வளவு பாரமோ கடைசி நாளும் அவ்வளவுதான். ஆனால் உப்புத்தண்ணீர் அதை அரிக்கும். உப்பில் இறங்கி வந்தால் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

அளவிலும் தெரிவு இருக்கிறது. இரண்டு மிதவையும் சேர்ந்து மிஷினின் பாரத்தைப்போல ஏறக்குறைய இருமடங்கு தாங்க வேண்டும். சின்னதை எடுத்தால் காற்றடிக்கிற நாளில் மூக்குத் தண்ணீருக்குள் போகும். பெரியதை எடுத்தால் மிதவையின் பாரத்திலேயே ஒரு ஆளின் இடம் போய்விடும். நடுவிலே ஒன்று இருக்கிறது. அதுதான் சரி.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு மரத்தில்தான் மனம். மரம் பழுதாகுமுன் சொல்லும், அந்தத் தண்ணீரின் ருசியில் சொல்லும். அது எனக்கு மட்டும் விளங்கும். தகடு ஒன்றும் சொல்லாது. அதற்குப் பக்கத்தில் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அப்படியிருந்தும் நேற்று ஓடர் அனுப்பிவிட்டேன். அலுமினியம், நடு அளவு. மிஷினுக்கும் அதுதான் நல்லது, வீட்டுக்கும் அதுதான் நல்லது. நவம்பரில் கப்பல் வரும்.

உம்முடைய
கிளெமென்ற்

*

கொட்டாஞ்சேனை
7-7-38

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதென்னடி, காதல் கடிதமோ கற்றலொக்கோ?" என்று கேட்டா. எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னேன். பிறகு, "அந்தாளுக்கு மரமெண்டால் என்ன, தகரமெண்டால் என்ன" என்று முணுமுணுத்தா. நான் அதைக் காதில் போடவில்லை.

எனக்குச் சரியான சந்தோஷம், அத்தான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தருகிறவர் அவர்தானே. பாடசாலைக்கு இன்னும் பதில் எழுதவில்லை, கேட்டால் பொறுக்கச் சொல்வேன். கப்பல் வந்ததும் எழுதுங்கள். கொழுக்கிக்கு விட்ட எண்ணெய் தேங்காயெண்ணெய் என்றால் எறும்பு வரும், துடைத்துவிடுங்கள்.

உங்கள்
புளோறன்ஸ்

*

வெள்ளவத்தை
14-11-38

அன்புள்ள புளோறன்ஸுக்கு,

கப்பல் வந்துவிட்டது. பெட்டி உடைத்து எடுத்தோம். ஒரு கீறல் இல்லை. விரலால் தட்டினால் கோயில் மணியின் சின்னத் தம்பிபோலச் சத்தம் வருகிறது. காவற்காரன் பியசேன சுற்றிச் சுற்றித் தடவிப் பார்க்கிறான். உள்ளே அறை அறையாய்ப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் பம்ப் போடும் துவாரம் இருக்கிறது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

பொருத்தி, கம்பிகளை இழுத்துச் சரிபார்க்கப் பத்து நாள் வேண்டும். 26ஆம் திகதி சனிக்கிழமை காலையில் தண்ணீரில் இறக்குகிறோம். மத்தியானத்தோடு என் வேலை முடிந்துவிடும். நீர் அன்றைக்கே வரலாம். துரை அடுத்த மாசம்தான் வருகிறார், அதுவரை எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

வீட்டைக் கூட்டி வைத்திருக்கிறேன். எறும்பு வந்தது உண்மைதான்.

உம்முடைய
கிளெமென்ற்

*

கொட்டாஞ்சேனை
18-11-38

அன்புள்ள அத்தானுக்கு,

சனிக்கிழமை வருகிறேன். கோட்டை வரை ட்ராமில் வந்து, அங்கிருந்து ரெயின். பெட்டி பாரம்தான், கூலிக்காரன் ஒருவனைப் பிடித்துக்கொள்வேன். பொழுதுபடும் நேரம் வெள்ளவத்தையில் இறங்குவேன்.

நீங்கள் ஸ்ரேஷனுக்கு வரவேண்டாம். புகையையும் கடலையும் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளில்லை நீங்கள், எனக்குத் தெரியும். நான் ஒழுங்கையால் திரும்பும்போது வீட்டில் விளக்கைக் கொளுத்திவைத்து நீங்கள் உள்ளே இருந்தால் போதும். மூன்று வருஷமும் அந்த விளக்கை நான்தான் கொளுத்தினேன். ஒருநாள் வெளியிலிருந்து அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

மீன் வாங்கி வைக்க வேண்டாம், உங்களுக்கு மீன் வாங்கத் தெரியாது. நான் கத்தரிக்காய்ப் பிரட்டல் கொண்டு வருகிறேன்.

உங்கள்
புளோறன்ஸ்

*

ஏரிக்கரை, பொல்கொட
27-11-38

அன்புள்ள புளோறன்ஸுக்கு,

நீர் சுகமாய் வீடு வந்து சேர்ந்திருப்பீர். வீட்டுப் பூட்டின் திறப்பு ஹமீமாவிடம் இருப்பது உமக்குத் தெரியும், ஆனபடியால் இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன்.

நேற்று மிஷினை இறக்கினோம். என்ன அழகாய் உட்கார்ந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாது. மத்தியானம் எல்லாம் முடிந்தது. முகம் கழுவி, கோட்டும் போட்டுவிட்டேன். அப்போதுதான் யோசித்தேன், புது மிதவை, தண்ணீரில் முதல் இரவு, பம்ப் அடித்துப் பார்க்காமல் எப்படிப் போவது. பியசேன தான் பார்ப்பதாய்ச் சொன்னான். அவனுக்கு ஏரித்தண்ணீரும் மழைத்தண்ணீரும் ஒரே ருசி.

பொழுதுபட அடித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பம்ப் பிழையாக்கும் என்று கழற்றித் தோல் மாற்றினேன். இரவிலும் அடித்தேன். விடியவும் அடித்தேன். பியசேன வள்ளத்தில் இருந்துகொண்டு, "மஹத்தயா, வத்துர நே" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். அவன் சொன்னது சரி, தண்ணீர் இல்லைத்தான். எட்டு அறையிலும் ஒரு சொட்டும் இல்லை. உமக்குத்தான் இதை முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். நீர் சொன்ன தெரிவுதானே.

இன்றைக்கு வரலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு மூன்று இரவு பார்த்தால் மனம் ஆறும். புதன்கிழமை கட்டாயம் வருவேன். கத்தரிக்காய்ப் பிரட்டலை மூடி வையும், கெடாது.

உம்முடைய
கிளெமென்ற்

*

கொட்டாஞ்சேனை
1-12-38

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் வெள்ளவத்தைக்குப் போட்ட கடிதத்தை ஹமீமா இங்கே திருப்பி அனுப்பினா. புதன்கிழமை நீங்கள் வந்ததாகவும் அவ துண்டில் எழுதியிருந்தா. சொன்ன நாளில் வந்தீர்கள், அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை ஒழுங்கையால் திரும்பியபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பெட்டி சுமந்த கூலிக்காரனை முந்திக்கொண்டு நடந்தேன். கதவைத் திறந்தது ஹமீமா. நான் வருகிற நாளில் வீடு இருட்டாய்க் கிடக்கிறதே என்று அவதான் திறந்து கொளுத்தியிருக்கிறா. "உள்ளுக்கு வாங்க, ப்ளேன்டீ ஒண்டு குடிங்க. அவரு இப்ப வருவாரு தானே" என்று சொன்னா. குடித்தேன். ஏரி இருக்கிற பாணந்துறைப் பக்கமிருந்து ரெயின் வரும்போதெல்லாம் அவ கதையை நிறுத்தினா. பிறகு இருவருமே நிறுத்தவில்லை.

பெட்டியோடு அக்கா வீட்டுக்கே திரும்பினேன். இந்த முறை நான் அழவில்லை. கோபமும் வரவில்லை, அதுதான் எனக்கே புதினம். உங்கள் கடிதத்தை வாசித்தபோது காரணம் விளங்கிற்று. மரம் தண்ணீர் குடித்தது, அதற்கு நீங்கள் தேவைப்பட்டீர்கள், போனீர்கள். அதோடு சண்டை பிடிக்க எனக்கு இடமிருந்தது. இப்போது ஒரு சொட்டும் இல்லை. அப்படியிருந்தும் நீங்கள் அங்கேதான் படுத்தீர்கள். மூன்று வருஷமாய் மிதவையைத் திட்டினேன். அது பாவம்.

நீங்கள் தெரிந்தெடுத்தது நல்ல மிதவை. துரை சந்தோஷப்படுவார். அதற்கு நான் சொன்னதும் ஒரு காரணம் என்றால் எனக்கும் சந்தோஷம்தான்.

பாடசாலைக்கு ஓம் என்று எழுதிவிட்டேன். நத்தார்ப் பண்டிகை முடிந்ததும் அக்காவின் அவர் கொண்டுபோய் விடுகிறார். மட்டக்களப்பு வாவியில் உங்கள் மிஷின் இறங்கினால் விடுதி வரைக்கும் சத்தம் கேட்குமாம். கேட்டால் நீங்கள் பூட்டிய மிதவையில் வந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். உங்களைப்பற்றிக் கூடாமல் ஒன்றும் சொல்லமாட்டேன். நீங்கள் பார்க்க வரவேண்டாம்.

கத்தரிக்காய்ப் பிரட்டலை ஹமீமா வீட்டில் கொடுத்தேன். குசினி ஜன்னலைப் பூட்டினேன், கொழுக்கி நன்றாய் ஓடுகிறது. திறப்பு பழைய இடத்தில்தான். விளக்கை அணைத்துவிட்டுத்தான் வந்தேன்.

புளோறன்ஸ்