காணாமல் போன ஸ்பீக்கர் ஒயர்

வைகாசி, ஞாயிறு. மாமா ஊட்டு மாடி.

கோபம் இன்னும் அடங்கவில்லை. என் ஆம்ப்ளிபயர் செத்துவிட்டது. நூறு வாட்ஸ், வால்வு போட்ட பழைய பெட்டி. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து அத்தனை வளைவிலும் வேனில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே மலையேறினேன். என் பெடல் ஸ்டீல் கிட்டாரில் கம்பிமேல் இரும்புக்கட்டையை இழுத்துக் காலால் பெடலை மிதித்தால், ஒரு மனுசக் குரல் எழும். வேறு எந்தப் பெட்டியிலும் அது வராது.

இன்று மாமா மகள் கல்யாண வரவேற்பு. வால்வு சூடாகட்டும் என்று, மைக் செட் பழனிச்சாமியிடம் சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் மேடையெல்லாம் கருகல் நாத்தம். பெட்டியில் ஸ்பீக்கர் ஒயரே மாட்டவில்லை. வால்வுப் பெட்டியை அப்படி ஓடவிட்டால் உள்ளே டிரான்ஸ்பார்மர் எரியாமல் என்ன செய்யும்?

"ஒயர் மாட்டியிருக்கான்னு பாக்கத் தெரியாதவன் எதுக்குய்யா மைக் செட் போட வர்ற?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. பழனிச்சாமி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு 'ங்க' கூட நான் போடவில்லை.

"தப்புதானுங்க. ஒயரு இங்கதான் எங்கியாச்சும் கெடக்கும். தேடித் தாரேனுங்க," என்றார்.

"கிழிச்ச," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது ஜெர்கினைக் கழற்றினால் பாக்கெட் கனத்தது. ஸ்பீக்கர் ஒயர். வேன் குலுக்கலில் பிளக் முனை ஒடியக்கூடாது என்று காரவள்ளியில் நானேதான் பிடுங்கிப் போட்டேன்.

ஜன்னலில் பார்த்தால் பந்தல் தெரிகிறது. மேடைக்கு அடியில் ஒரு டார்ச் வெளிச்சம் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது.