மூக்கையா என்று இரண்டு குரல்

ஹந்தானை காப்பித் தோட்டம், கண்டி
1857 கார்த்திகை

கர்த்தருக்குள் அன்பான ஐயாவுக்கு உங்கள் மூத்த மகன் மாசிலாமணி தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு இருமல் தணிந்ததா?

போன ஞாயிறு கூலிகளுக்குப் பிரசங்கித்தேன். தேவன் முதலில் தெரிந்துகொண்ட இஸ்ரவேல் ஜனத்தைத் தள்ளிவிட்டு, அவர்கள் இடத்தையும் பேரையும் சபையாகிய நமக்குத் தந்தார் என்று நீங்கள் கற்பித்தபடியே சொன்னேன். மெலிந்த ஒருவன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிட்ட கங்காணி, "மூக்கையா!" என்றார். இரண்டு குரல் பதில் சொன்னது. தோட்டத்துக்கு வரும் வழியில் காய்ச்சலோடு விட்டுவந்த மூக்கையா செத்திருப்பான் என்று, கணக்கில் இருந்த அவன் பேரைப் புது ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள். இங்கே அதுதான் வழக்கம். அந்த மெலிந்தவன்தான் பிழைத்துவந்த பழைய மூக்கையா.

"ஒன் எடத்துல ஆள் போட்டாச்சு, போடா" என்றார் கங்காணி.

அவன் என்னிடம் வந்தான். "உபதேசியாரே, அந்த இஸ்ரவேல் சனம் செத்தா போச்சு? இல்ல, என்னைய மாதிரி வெளிய நிக்குதா?"

வேதத்தைத் திறந்து வசனம் தேடினேன்; அதற்குள் அவன் போய்விட்டான். ஜெபத்தில் கண்ணை மூடினால் அந்த இரண்டு குரலும் கேட்கிறது. பயப்படவேண்டாம், சுகமாகத்தான் இருக்கிறேன்.

கருப்பட்டியும் ஒரு கம்பளியும் அனுப்புங்கள். குளிர் அதிகமில்லை. கடிதம் கொண்டுபோகும் காப்பி வண்டி புறப்படுகிறது.

வீட்டு ஜெபத்தில் என் இடத்தில் தம்பி உட்காருவதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனாலும் ஐயா, அவன் உட்காருமுன் என் பேரைக் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

மாசிலாமணி