கொர்பா கழியில் வெண்தலை வாத்து

டிசம்பர் 28

இரவு மழைக்குப் பிறகு உப்பங்கழி கழுவித் துடைத்த தட்டு போல இருந்தது. தெற்கு ஓரத்தில் பூநாரைகள். எவ்வளவு அபத்தமான கால்கள், எவ்வளவு ஒழுங்கான நடை! கன்னியர் பள்ளியில் பாவாடை நனையாமல் முற்றத்தைக் கடக்கக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் குளோதில்ட் பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

தூஜா வழக்கம்போலப் பின்தங்கினாள். என் கணவர் முன்சிஃபின் தங்கை, அவர் இறந்த பிறகு என்னோடு நடக்க வருகிறாள். நான் வானத்தைப் பார்ப்பேன், அவள் தரையை. ரோஸ்மேரிப் புதரில் ஓர் அந்துப்பூச்சி அந்தரத்தில் நின்றபடி தேன் குடித்ததாம். "இறக்கையே தெரியல அண்ணி, அவ்வளவு வேகம்!" எனக்குப் பூச்சியே தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஜனவரி நடுவில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. கொர்பாவுக்குப் பல வருடங்களாக நான்தான். துனிஸில் கணக்குகளைத் தொகுக்கும் ஃபவுஸி என் எண்களை மட்டும் சரிபார்ப்பதில்லை. லல்லா நெய்லா சொன்னால் சொன்னதுதான் என்பார், அந்த ‘லல்லா’வில் மரியாதை தொனிக்க.

ஜனவரி 3

வெண்தலை வாத்து! உலகிலேயே அருகிவரும் இனம். நாணலுக்கு அப்பால், தனியாக. கரிய உடல், பால் போன்ற தலை. அலை மோதியும் பதறவில்லை. காற்று வந்த பக்கம் மெல்லத் திரும்பியது. எப்பேர்ப்பட்ட நிதானம்!

"அது அசையவே இல்லையே, அண்ணி?"

"தூங்குது. வாத்து தூங்கக் கூடாதா?"

"தலையை நிமித்திக்கிட்டா?"

பூச்சி பார்க்கிறவளுக்கு வாத்தைப் பற்றி என்ன தெரியும்? ஃபவுஸிக்குத் தொலைபேசினேன். நாளையே வருகிறார்.

ஜனவரி 4

எழுதக் கை வரவில்லை.

ஃபவுஸி இருவரோடும் பெரிய தொலைநோக்கியோடும் வந்தார். வெகுநேரம் பார்த்தார். "லல்லா, நீங்களே ஒரு தடவை பாருங்க."

கழுத்தடியில் கயிறு. பறந்து போகும் வாத்துகளைக் கீழே வரவழைக்க வேட்டைக்காரர்கள் மிதக்கவிடும் மரவாத்து. தலையின் வெள்ளை? கடற்காகங்களின் எச்சம்.

அதன் சொந்தக்காரன் நாணலுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு எழுந்து வந்தான், பல்லெல்லாம் தெரிய. "நேத்துலேருந்து ஒரு வாத்துகூட இதை நம்பி வரல. நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க, லல்லா!"

மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கிளம்பும்போது ஃபவுஸி, "இந்த வருஷம் எண்ணுறதுக்குத் துணையா ஒருத்தரை அனுப்பட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

ஜனவரி 5

வெளியே போகவில்லை. மழை ஒன்றும் இல்லை.

ஜனவரி 7

தூஜா லப்லாபியோடு வந்தாள். கிண்ணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, கொண்டைக்கடலையைச் சூடாக ஊற்றி, ஹரிஸ்ஸா மிளகாய் விழுதைத் தாராளமாக வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை வாத்துப் பேச்சே இல்லை. பிறகு பக்கத்துத் தொட்டிச் செடியை நோக்கி விரலை நீட்டினாள். "இது என்ன, சொல்லுங்க."

"காய்ந்த குச்சி."

"கும்பிடு பூச்சி, அண்ணி. உங்களைத்தான் பாத்துட்டிருக்கு."

அவளுடைய பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஆம் — தலையில் கூம்புக் கிரீடம், முதுகின் மேல் சுருண்ட வயிறு, சருகின் நிறம். வசந்தம்வரை இந்தக் கோலத்திலேயே காத்திருக்குமாம். என்ன நேர்த்தி! ஒரு சாண் தூரத்தில் இருந்தது — நான் குச்சி என்கிறேன். வாத்துக்காவது தூரத்தைச் சாக்குச் சொல்லலாம். இதற்கு?

"உங்க ரெண்டு கண்ணுலயும் புரை. போன வருஷமே எனக்குத் தெரியும்."

"அப்பவே சொல்லித் தொலைக்கிறதுதானே!"

"உங்ககிட்டயா? நானா?"

அதுவும் சரிதான்.

ஜனவரி 8

ஃபவுஸியை நானே அழைத்தேன். இம்முறை வேறொருவர் எண்ணட்டும் என்றேன். கண் மருத்துவரிடம் நாளும் வாங்கிவிட்டேன். இரண்டில் எது கடினம் என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரி 15

கழியில் எண்ணுகிறார்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

பிப்ரவரி 26

அறுவைக்குப் பிறகு வலது கண் தெளிந்துவிட்டது. இடது அடுத்த மாதம். மருத்துவர் நடக்கலாம் என்றார்.

சேற்றில் கொசு உள்ளான் பறவைகள் ஓடின. கால்கள் கருப்பு. கால்கள்! மஞ்சள் பூ ஒன்றில் உலோகப் பச்சையாக ஒரு வண்டு. மகரந்தத்தில் புரண்டு, முன்காலால் மீசையைத் துடைத்துக்கொண்டது. மண்டியிட்டுப் பார்த்தேன். தலைக்கு மேல் பூநாரைகள் போவதாகத் தூஜா கத்தினாள். நான் நிமிர்வதற்குள் போய்விட்டன.

மாலையில் ஃபவுஸி அழைத்தார். அடுத்த ஜனவரிக்கு என் பெயரைப் போடலாமா என்று கேட்டார்.

"ரெண்டு பேரா எழுதிக்கோங்க. தூஜாவும் நானும்."

"அவங்களுக்குப் பறவை தெரியுமா, லல்லா?"

"தெரியாது. என்னை எதிர்த்துக் கேக்கத் தெரியும்."

தூஜா ஒரு நிபந்தனை போட்டாள்: பூச்சிக்காக அவள் நிற்கும்போது நான் அவசரப்படுத்தக் கூடாது. ஒப்புக்கொண்டேன். பின்னால் மறுக்க முடியாதபடி எழுதியும் வைக்கிறேன்.