மூன்று கட்சி வெட்டிய கான்

மேல் லயம், வண்டிப்பெரியார்.

அன்பு மகள் இந்துவுக்கு, அப்பா குருசாமி சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு யாக்கோபு எழுதுவது. இங்கே நானும் ஆடு இரண்டும் சுகம், கூரை மட்டும் பழையபடி ஒழுகுகிறது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியாத்தா பார்த்துக்கொள்வாள். மழைக்கு முன்னே இந்த எஸ்டேட் லயத்து வீட்டைக் காலிசெய்து கம்பத்து அத்தை வீட்டுக்குப் போய்விடு என்று போனில் அழுதாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் நீ என்னை எங்கே பேசவிட்டாய்.

இங்கே பஞ்சாயத்து எலக்சன். இந்தத் தடவை ரோடு, லைட்டு எல்லாம் போய் எல்லார் நோட்டீசிலும் காலநிலை மாற்றம்தான். முதலில் சூசையப்பன் மகள் ஜெஸ்னா ஓட்டுக் கேட்டு வந்தாள், உருள் பொட்டி மலை சரியும் முன்னே போனுக்கு மெசேஜ் வந்துரும் தாத்தா என்றாள். டவர் கிடைப்பது மொட்டைப் பாறை உச்சியில்தானே தாயி, அங்கே ஏறிட்டா அப்புறம் எனக்கு மெசேஜ் எதுக்கு என்றேன். அடுத்து சுவக்கீன், வார்டுக்கு ஒரு படகு வாங்குவானாம், இந்தச் சரிவில். மூன்றாவது நல்லதம்பி, ஆயிரம் மரக்கன்று. முதல் கன்றைப் போட்டோவுக்காக லயத்துக்கு மேலே மெத்தென்று மண் கிடந்த இடத்தில் நட்டான். அது நாங்கள் வெட்டிய கான் மகளே, மழைத்தண்ணீர் வாய்க்கால். எழுபத்தொன்பதாம் வருச மழையில் இரண்டாம் லயம் அடியோடு போன மறுவாரம், மலைத்தண்ணீர் நம்மைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்கு ஓட பதினாலு ஆள் வெட்டியது. எஸ்டேட் பூட்டியபின் மண்ணை வாரிப்போட ஆளில்லாமல் தூர்ந்து தரையாகிவிட்டது. பதினாலில் நான் ஒருத்தன்தான் மிச்சம்.

பிறகு நான் செய்ததற்கு நீ கோபப்படாதே. லயத்தில் அறுபத்திரண்டு ஓட்டு, கான் வெட்டுகிற கட்சிக்குத்தான் என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் மூன்று கட்சியும் மம்பட்டியோடு நின்றது. மேலே ஜெஸ்னா, நடுவில் சுவக்கீன், கீழே நல்லதம்பி, அவன் கன்றை அவனே பிடுங்கி அதற்கும் ஒரு போட்டோ. வெட்டி முடித்து ஆளுக்கொரு கொடி நட்டுப் போனார்கள். போய்ப் பார்த்தால் ஒரு கட்சிக்கும் அடுத்த கட்சிக்கும் நடுவே இரண்டு முழம் மண் அப்படியே நிற்கிறது. அது அவங்க எல்லை, நாங்க தொடமாட்டோம் என்கிறார்கள். மொத்த மலையும் என் வீட்டுக்குள் வர அந்த இரண்டு முழம் போதாதா. சமாதானம் பேசப் போன யாக்கோபு சுவக்கீன் வீட்டில் கப்பைக்கிழங்கும் மீனும் தின்றுவிட்டு வந்தான். இதை எழுதமாட்டேன் என்றான், எழுத வைத்துவிட்டேன்.

ஓட்டு நாள் மத்தியானம் மழை பிடித்தது. ஆபரேசன் செய்த வயிற்றோடு மம்பட்டி பிடிக்காதே என்று சத்தியம் வாங்கியிருந்தாயே, பிடிக்கவில்லை, தோளில்தான் வைத்திருந்தேன். பூத்துக்கு வெளியே மூன்று பேரும் நிற்கிற இடத்துக்குப் போய், நடுவுல நிக்கிற மண் அடைப்பை நானே வெட்டப்போறேன், விழுந்தா தூக்க ஆள் அனுப்புங்க என்றேன். மூவரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். ஓய் பெரிசு, கரையில உக்காரும், எங்களைக் கொலைகாரனாக்காதீரும் என்று நல்லதம்பி அதட்டினான், ஜெஸ்னா சேலையைச் செருகிக்கொண்டு மம்பட்டியைப் பிடுங்கினாள். இரண்டு அடைப்பும் உடைந்தது, தண்ணீர் செக்கச்செவேலென்று வந்து லயத்தைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கியது. நம் வாசற்படி நனையவில்லை. அதனால் நான் எங்கும் போகவில்லை.

கான் போகும் வழியை யாக்கோபை வைத்துப் படம் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். வருசா வருசம் சித்திரையில் கானில் மண் வாரச் சொல்லி, யார் மெம்பரானாலும் நீ போன் போட்டு ஞாபகப்படுத்த வேண்டும். பிள்ளைக்கு வெயிலில் தொப்பி போடு. குலம் தழைத்து நூறாண்டு இருங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பூத்தைச் சாத்திவிட்டார்கள், நான் ஓட்டுப் போடவில்லை. மூன்று பேரும் ஆளாளுக்குத் தனக்குத்தான் நான் போட்டேன் என்று நினைத்துச் சாயா வாங்கித் தந்தார்கள், குடித்துவிட்டேன். இப்போதுதான் தெரிந்து யாக்கோபு பேனாவை வைத்துவிட்டுத் திட்டுகிறான். பூத்தில் உருட்ட வேண்டிய கைரேகையை இங்கே உருட்டுகிறேன்.

உன் அப்பன்,
குருசாமி (இடது பெருவிரல்)