பெல்ஜியத்துக்கு ஆறு சுருட்டு

24 செப்டம்பர் 2025, புதன்

இன்று தபால் நிலையத்தில் 'சுருட்டு' என்ற சொல்லை நான் சொல்லவில்லை.

கவுண்டரில் ரூத் அக்கா. அம்மாவோடு பதினோரு வருஷமாகச் சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவர். வெளிநாட்டுப் பார்சலுக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டே, "உள்ள என்னங்க அம்மணி?" என்றார். எனக்குப் பின்னால் நான்கு பேர்.

"கைவேலைப் பொருளுங்க்கா."

"நீயே செஞ்சதா?"

"இல்லீங்க. அப்பாவோடது."

அது மட்டும் உண்மை. "தேவதாஸ் அண்ணன் கைவேலையெல்லாம் செய்வாங்களா! உங்கம்மா ஒரு வார்த்தை சொன்னதில்ல பாரு" என்று சிரித்தபடி முத்திரை குத்தினார்.

சொல்லியிருந்தால்? ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆராதனைக்குள் அத்தனை பெஞ்சுக்கும் தெரிந்திருக்கும். தேவதாஸ் மகள் ஆஷ்லி, இருபத்தேழு வயசு, காலேஜ் லைப்ரரியில் வேலை, சுருட்டுக் குடிக்குது.

பெட்டியில் இருந்தவை ஆறு. அப்பா உறையூரிலிருந்து வரவழைத்த கடைசிக் கட்டில் மிஞ்சிய சுருட்டுகள். ஐந்து வருஷமாக என் புத்தக அலமாரியின் பின்வரிசையில், ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. அந்த டின்னோடேயே அனுப்புகிறேன். போகிற இடம் பெல்ஜியம். இல்மாவுக்கு.

இல்மாவுக்கு அறுபத்தோரு வயது. பியானோக்களுக்குச் சுதி சேர்ப்பது தொழில். சுருட்டுப் பிரியர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் மூன்று வருஷப் பழக்கம். அங்கே இரண்டு விதிகள். புதியவர்தான் முதலில் அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்த சுருட்டை மூன்று வாரம் பெட்டியில் தூங்கவிட வேண்டும், பயணக் களைப்பு தீர. இல்மா முதல் விதியை மீறித் தானே முந்திக்கொண்டு எனக்கு அனுப்பியவர். இந்தத் தடவை இரண்டாவதையும் மீறப் போகிறாராம். நவம்பர் நான்காம் தேதி அவருக்கு நாக்கில் அறுவை சிகிச்சை, பிறகு கதிர்வீச்சு. வாசனையும் ருசியும் திரும்பாமலே போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். புகைப்பதை ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டார்.

"பற்றவைக்க மாட்டேன். மூன்று வருஷமாக நீ எழுதிக்கொண்டிருக்கிற அந்த வாசனையை ஒரு தடவை முகர்ந்துவிட்டு உள்ளே போகிறேன்" என்று எழுதினார்.

நாற்பத்தோரு நாள் இருக்கிறது. போய்விடும்.

27 செப்டம்பர், சனி

கொடியில் காயும் துணியை எடுக்கிற சாக்கில் ஆறு மணிக்கு மாடி. வாரத்துக்கு ஒரு சுருட்டு. டவுன்ஹால் பக்கம் வாங்குவது. அதே உறையூர்ச் சரக்கு, ஆனால் இளசு. ஐந்து வருஷம் கிடந்ததன் ஆழம் இதில் இல்லை.

நான் சின்னவளாக இருந்தபோது வால்பாறையில் வாரத்தில் ஆறு நாளும் எங்கள் குவார்ட்டர்ஸில் தேயிலை வாசனைதான். திரைச்சீலையில், தலையணையில், அப்பாவின் சட்டையில். ஃபாக்டரி ஓடாத ஞாயிறு மட்டும்தான் இன்னொரு வாசனைக்கு இடம். ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா பின்பக்கப் படியில் உட்கார்ந்து ஒரு சுருட்டு. ஒன்றே ஒன்று. பனிமூட்டத்தில் புகை மேலே போகாது. முழங்கால் உயரத்திலேயே நிற்கும். நான் அதற்குள் கையை விட்டு விட்டு எடுப்பேன். காலில் அட்டை ஏறியிருந்தால் சுருட்டு நுனியைக் கிட்டே கொண்டுபோவார். அது சுருண்டு விழும். "பயப்படாத கண்ணு, அதுக்கும் ஊட்டுக்குப் போக நேரமாச்சு" என்பார்.

ஐந்து வருஷத்துக்கு முன் நெஞ்சுவலியில் போனார். "அந்தச் சனியந்தான் கொண்டுபோச்சு" என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன்பின் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அது தெரிந்தும் மாடிக்குப் போகிறேன்.

3 அக்டோபர், வெள்ளி

பார்சல் நாட்டைத் தாண்டிவிட்டது.

14 அக்டோபர், செவ்வாய்

பெல்ஜியம் போய்ச் சேர்ந்துவிட்டது! சுங்கத்தில் இருக்கிறது. இல்மா தன் தேவதாரு மரப் பெட்டியில் ஒரு தட்டைக் காலிசெய்து படம் அனுப்பியிருக்கிறார். ஓரத்தில் தாள் துண்டு ஒட்டி, என் அப்பாவின் பெயரை அவருடைய எழுத்தில் எழுதியிருக்கிறார்.

22 அக்டோபர், புதன்

நிறுத்திவிட்டார்கள்.

பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். தாளில் கைவேலைப் பொருள், உள்ளே புகையிலை. இல்மாவுக்குக் கடிதம் போயிருக்கிறது. "புகையிலை என்று எழுதியிருந்தால் வரி கட்டி எடுத்திருப்பேனே. ஏன் அப்படி எழுதினாய்?" என்று கேட்டிருக்கிறார். கோபமில்லை. கேள்விதான்.

என்ன சொல்ல? கவுண்டரில் இருந்தவர் எங்கள் சபையில் பாடுகிறவர் என்றா? எழுதி எழுதி அழிச்சேன். கடைசில அப்படியே எழுதி அனுப்பிட்டேன்.

பத்து நிமிஷத்தில் பதில்: "எங்கள் தெருவிலும் ஒரு சபை இருக்கிறது. புரிகிறது."

புரிந்துகொண்டது இன்னும் மோசமாக இருந்தது.

25 அக்டோபர், சனி

தவறு என்னுடையது என்று சுங்கத்துக்குக் கையெழுத்திட்ட கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒற்றை வரிப் பதில். திருத்தம் ஏற்பதற்கில்லை, பொருள் அனுப்பியவருக்கே திரும்பும்.

இன்று மாடிக்குப் போகவில்லை. இனிப் போகப் போவதுமில்லை.

4 நவம்பர், செவ்வாய்

இன்று. அறுவை சிகிச்சை அவர்களுக்குக் காலை எட்டு மணிக்கு, இங்கே பன்னிரண்டரை. புத்தகங்களை வரிசை மாற்றி அடுக்கிவிட்டேன். திரும்ப எடுத்து அடுக்கினேன்.

19 நவம்பர், புதன்

இல்மாவின் கணவர் எழுதியிருக்கிறார். நாக்கின் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். மூக்கில் குழாய். பலகையில் எழுதிக் காட்டிப் பேசுகிறாராம். முதலில் எழுதியது, "பக்கத்துக் கட்டில்காரர் காபி குடிக்கிறார், எனக்கு வாசனையே தெரியவில்லை" என்பது. அடுத்து, "ஆஷ்லியிடம் கோபமில்லை என்று சொல்லுங்கள்."

2 டிசம்பர், செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் சாப்பாட்டு மேசையில் பிஸ்கட் டின், மூடி திறந்து. திரும்பி வந்த பார்சலை அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள்.

"உங்கப்பாதுதானே இது?"

"ஆமாங்கம்மா."

"கைவேலைப் பொருள்னு எழுதியிருக்குது."

"ரூத் அக்கா கவுண்டர்ல இருந்தாங்க..."

"ஏன், சுருட்டுன்னு சொன்னா அவ புடுங்கித் தின்னுபோடுவாளா?"

சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இல்மா, இணையக் குழு, நாக்கு, சுங்கம். கடைசியில் மாடியையும்.

அம்மா டின்னின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கெழமையா?"

"ஆமாங்க."

"ஆறு மணிக்கா?"

"ஆமாங்கம்மா."

"ரெண்டு வருசமாவா, கண்ணு?"

தலையாட்டினேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"சமையக்கட்டுல நின்னுட்டு இருப்பேன். ஜன்னல் வழியா அந்த வாசன வரும். அவருதான் வாராருன்னு நெனச்சுட்டேன். யாருகிட்டச் சொல்றது? பாஸ்டருகிட்டச் சொன்னா ஜெபம் பண்ணி வெரட்டிப்போடுவாரு, அப்பறம் வராமயே போயிருமேன்னு சொல்லல." மூடியை டின்னில் அழுத்திவிட்டு, "இப்ப ஒரு மாசமா வரல. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

அய்யோ. என்ன செஞ்சு வெச்சிருக்கேன் நான்? ஊர் என்ன சொல்லும்னு ஒரு சொல்லை முழுங்கினேன். அங்க ஒருத்தருக்குக் கிடைக்க வேண்டியது போச்சு. இங்க சொன்னதில் இன்னொருத்தரிடம் இருந்ததும் போச்சு.

அம்மா எழுந்து போய் அரிசி களைந்தாள்.

13 டிசம்பர், சனி

ஆறு மணிக்கு அம்மா சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். முன்பெல்லாம் சாத்தமாட்டாள்.

10 ஜனவரி 2026, சனி

காலையில் இல்மா தானே எழுதியிருந்தார். கதிர்வீச்சு பாதி முடிந்தது. கஞ்சி விழுங்குகிறார். வாசனை திரும்பவில்லை. மறுபடி அனுப்ப வேண்டாம், வீணாகும் என்கிறார்.

சாயங்காலம் அம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்கும் இல்லியா?"

"உட்டுட்டேனுங்கம்மா."

"நீ குடிக்கோணும்னு நான் சொல்லல." முந்தானையில் கையைத் துடைத்தாள். "அவருதுல ஒண்ணு எடுத்துட்டு வா."

மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். பற்றவைக்க மட்டும் இரண்டு இழுப்பு. பிறகு எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டேன். சும்மா வைத்தால் சுருட்டு அணைந்துவிடும்; இரண்டு தடவை மறுபடி பற்றவைக்க வேண்டியிருந்தது. முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அம்மா அதுவரை புகை போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாம்பலைத் தொட்டிச் செடியில் தட்டிவிட்டு, கொடியிலிருந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.